படிக்காமல் அழுத்திய செத்துஜு

எங்கள் வீட்டில் முதன்முதலில் படித்தவள் நான். இதை நானாகச் சொல்லிக்கொள்வதில்லை (சொல்வேன், அது வேறு விஷயம்). அப்பா மூன்றாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அம்மாவுக்கு அந்த மூன்றாம் வகுப்பும் வாய்க்கவில்லை. அதனால்தான் நான் கணினிப் படிப்பில் பட்டம் வாங்கிய அன்று எடுத்த படம், ஜொகூர் பாரு ஓரம், பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டு ஹாலில், சாமி படத்தைவிட ஒரு சாண் உயரத்தில் தொங்குகிறது. ஊதுவத்தி காட்டும்போது அம்மா எனக்கும் சேர்த்தே காட்டிவிடுவார்.

அப்படிப்பட்ட படிப்பாளி, ஒரு வரிகூடப் படிக்காமல் ஒரு பட்டனை அழுத்தி, வருங்கால மாமியாரைத் தன் பிள்ளையாக்கிக்கொண்ட கதை இது.

குணா வீட்டில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். குணா பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் டெக்னீஷியன், ஷிப்ட் வேலை. அவருடைய அம்மா ராஜம்மா ஆன்ட்டி, பொந்தியானில் முறுக்கு சுட்டு விற்பவர். கணவர் இறந்த பிறகு அந்த முறுக்கை வைத்தே மகனை ஆளாக்கியவர். வந்தது இவர்கள் இரண்டு பேர்தான்.

வழக்கமாக இந்த மாதிரிச் சந்திப்புகளில் "பொண்ணுக்குப் பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா" என்று கேட்பார்கள் என எங்கள் அம்மா பயந்துகொண்டிருந்தார் (இரண்டும் தெரியாது). ராஜம்மா ஆன்ட்டி வேறு மாதிரி. டீயைக் குடித்து முடித்ததும், "பொண்ணு கம்ப்யூட்டர் படிச்சிருக்காமே?" என்றார்.

"ஆமாங்க. இப்ப ஜொகூர் பாருவுல ஒரு கம்பெனியில எல்லாருக்கும் கம்ப்யூட்டர் சரி பண்ணிக் குடுக்குது" என்றார் அப்பா. மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது.

"அப்ப நல்லதா போச்சு லா. குணா, கார்ல இருக்கிறத எடுத்துட்டு வா."

குணா வெளியே போய் ஒரு மடிக்கணினியோடு வந்தார். பொந்தியானிலிருந்து வருவதுதான் வருகிறோம், போகும் வழியில் கடையில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று எடுத்து வந்திருக்கிறார்கள். ஆன்ட்டி குறையைச் சொன்னார்:

"முறுக்கு ஆர்டர் பாக்கலாம்னு தொறந்தா, நீங்க கார் ஜெயிச்சிட்டீங்கங்குது. எனக்கு லைசென்ஸே கெடையாது."

எனக்குள் ஒரு சிங்கம் எழுந்து சோம்பல் முறித்தது. பாட்டுப் பாடுவதற்குப் பதில் ஆன்டிவைரஸ்! இதைவிட எனக்குப் பொருத்தமான பெண் பார்க்கும் படலம் உலகத்தில் நடந்திருக்காது.

கூடவே இன்னொரு காரணமும் இருந்தது. எனக்குக் குணாவைப் பிடித்துவிட்டது. வாசலில் எங்களைத் தனியாகப் பேச விட்டபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "நைட் ஷிப்ட் முடிஞ்சு நான் பகல்ல தூங்குவேன். நீங்க வீட்டுல இருந்து மீட்டிங் பேசினா சத்தமா பேசுவீங்களா?" அதற்கு முன் வந்த இரண்டு வரன்களும் கல்யாணத்துக்குப் பிறகு நான் வேலைக்குப் போவேனா என்றுதான் கேட்டார்கள். இவர் நான் வேலை செய்வேன் என்பதை முடிவு செய்துவிட்டு, சத்தத்தை மட்டும் கேட்டார். அந்த இடத்திலேயே மனசுக்குள் சரி சொல்லிவிட்டேன். ஆனால் தயக்கம் ஆன்ட்டியிடம் இருந்தது. குணா டிப்ளோமா, நான் டிகிரி. "ஒரு வாரத்துல யோசிச்சுச் சொல்றோம்" என்று முதலிலேயே சொல்லி வைத்திருந்தார்.

ஆக, அந்த மடிக்கணினி எனக்குப் பரீட்சைத் தாள்.

நான் ஏற்கெனவே எங்கள் குடும்பத்துக்கு ஒரு ஆன்டிவைரஸ் வாங்கி வைத்திருந்தேன். அதன் உண்மையான பெயர் வேண்டாம், 'காவலன்' என்று வைத்துக்கொள்வோம். குடும்பத் திட்டம். என் கருவிகள், அப்பா போன், அம்மா போன் எல்லாம் போக ஓர் இடம் மிச்சமிருந்தது. அந்த இடத்தை ஆன்ட்டிக்குக் கொடுப்பதென்று முடிவு செய்தேன். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்!

காவலனுக்கு மலாய்மொழியைத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன், அப்பாவுக்குப் புரியட்டும் என்று. திரையில் பொடி எழுத்தில் ஒரு பெரிய கடல் விரிந்தது. அடியில் 'செத்துஜு' என்ற பட்டன். சம்மதம் என்று அர்த்தம். அழுத்தினேன். அடுத்த கடல். செத்துஜு. அடுத்தது ஏதோ படங்களோடு ஒரு கேள்வி, ஒரு படத்தில் ஏற்கெனவே டிக் விழுந்திருந்தது. செத்துஜு. என் விரல் பறந்தது. எல்லாரும் என்னைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தால் வேலை தெரியாதவள் என்று நினைத்துவிட மாட்டார்களா?

அப்பாவால் பொறுக்க முடியவில்லை. "பாத்தீங்களா? என் பொண்ணு படிக்காமலே எல்லாத்தையும் முடிச்சிடுவா!"

அந்த வாக்கியத்தின் முழு ஆழம் அன்று எங்கள் யாருக்கும் விளங்கவில்லை.

கார் ஜெயித்த செய்தி மறைந்தது. ஆன்ட்டி முகம் மலர்ந்தது. போகும்போது என் கையில் ஒரு டின் முறுக்கைத் திணித்துவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து, மதியம் அலுவலகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போனில் ஓர் அறிவிப்பு: 'உங்கள் அனாக் கூடுதல் நேரம் கேட்கிறார்.' அனாக் என்றால் மலாயில் பிள்ளை. எனக்கு ஏது பிள்ளை? கல்யாணமே இன்னும் ஆகவில்லை. ஏதோ மோசடி விளம்பரம் என்று நினைத்தேன். கீழே இரண்டு பட்டன்கள். அனுமதி, மறுப்பு. மறுப்பு என்பதற்கு மலாயில் 'தோலாக்'. அழுத்தினேன். மறுநாள் அதே நேரத்தில் அதே அறிவிப்பு. தோலாக். "இந்த மோசடிக்காரனுங்களுக்கு வெக்கமே இல்ல, தினமும் ஒரே டைம்ல வர்றானுங்க" என்று பக்கத்து மேசைத் தோழியிடம் சொல்லிக்கொண்டே, அடுத்த நாளும் தோலாக். ஒரு தடவை அந்தப் பிள்ளை விடாமல் திரும்பத் திரும்பக் கேட்டது. நானும் சளைக்காமல் திரும்பத் திரும்ப மறுத்தேன். கம்பெனியில் எல்லாருக்கும் இணையப் பாதுகாப்புப் பாடம் எடுப்பவள் நான். என்னிடமா?

வெள்ளிக்கிழமை காவலனிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. காவலன் அனுப்புவதெல்லாம் 'புதுப்பியுங்கள், தள்ளுபடி' வகை என்று நான் எதையும் திறப்பதில்லை. அன்று விரல் தவறித் திறந்துவிட்டேன்.

'உங்கள் அனாக்கின் இந்த வாரச் செயல்பாடுகள்' என்று தலைப்பு. கீழே கருவியின் பெயர்: ராஜம்மா முறுக்கு.

அது ஆன்ட்டியின் மடிக்கணினி.

மூடியிருக்க வேண்டும். படித்தவள் என்றால் மூடியிருப்பாள். என் கண் என் பேச்சைக் கேட்காமல் கீழே இறங்கியது. எந்த நேரத்துக்குத் திறந்தார், எந்தத் தளத்தில் எவ்வளவு நேரம் இருந்தார், எந்த நாடகத்தை எந்த இடத்தில் நிறுத்தினார், என்னென்ன தேடினார், எல்லாம் வரிசையாக இருந்தன:

முறுக்கு உடையாமல் பார்சல் கட்டுவது எப்படி.
முழங்கால் வலி எண்ணெய்.
லோகேஸ்வரி பெர்மாஸ் ஜெயா. (அது நான்.)
டிகிரி படித்த மருமகள் மாமியாரை மதிப்பாளா.
பொண்ணு அதிகம் படிச்சிருந்தா வீட்டுல சண்டை வருமா.
மருமகளிடம் இங்கிலீஷில் என்ன பேசலாம்.

கடைசி வரியைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். குளியலறைக் கதவைத் தெரியாமல் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. அவர் அதைக் கேட்டது தன் வீட்டில், யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில். பாதுகாப்புக்கு என்று நான் வைத்த ஒன்று அதைக் குறித்துக்கொண்டு வந்து என் கையில் கொடுக்கிறது. வாசலில் திருடன் வராமல் பார்க்க ஒரு ஜாகாவை வேலைக்கு வைத்தால், அவன் வாசலை விட்டுவிட்டு வீட்டுக்குள் வந்து, யார் எந்த டப்பாவைத் திறந்தார்கள், யார் கண்ணாடி முன்னால் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று எழுதிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? அதுவும் அவன் கேட்ட அத்தனை அனுமதிக்கும் சரி சரி என்று தலையாட்டியது நானே என்றால்?

பழைய மின்னஞ்சல்களைத் தோண்டினேன். 'அனாக்' வரிசையில் இன்னொரு பெயரும் இருந்தது. எங்கள் அப்பா! வாராவாரம் அவர் தேடியதெல்லாம் எனக்கு வந்து குவிந்திருந்தது. தொழிற்சாலை பஸ் ஓட்டும் ஐம்பத்தைந்து வயது மனிதர், 'டிரைவர் தொப்பை குறைய', 'மீசைக்கு எந்த மை நல்லது' என்றெல்லாம் தேடியிருந்தார். போன் போட்டேன்.

"ப்பா, மத்தியானத்துல உங்க போன்ல வீடியோ ஓடுமா?"

"ஓடாதே. ரெண்டு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் அது ரெஸ்ட் எடுக்கும். சூடாவாம இருக்க கம்பெனிக்காரன் அப்படி வச்சிருக்கான்னு நெனச்சேன். ஏன்மா?"

அலமாக்! எத்தனை மாதமாக அந்த மனிதர் பஸ் நிறுத்தத்தில் சும்மா உட்கார்ந்து ஈ ஓட்டியிருக்கிறார்!

அவரிடம் மீசையைப் பற்றிச் சொல்லாமல் போனை வைத்தேன். வைத்த கையோடு இன்னொரு அழைப்பு. குணா.

"லோகேஸ்வரி, அம்மா உங்ககிட்டப் பேசணுமாம்." குரலில் சிரிப்பா கோபமா தெரியவில்லை. அந்தப் பக்கம் போன் கைமாறியது.

"அம்மா லோகேஸ்வரி, ஒண்ணு கேக்கணும். நீ எனக்கு யாரு?"

"ஆன்ட்டி..."

"இல்ல, கம்ப்யூட்டர் சொல்லுது. தெனமும் ரெண்டு மணிக்கு நாடகம் போட்டா, 'இப்போது வக்து பெலாஜார்'னு வருது. படிக்கிற நேரமாம்! அறுபது வயசுல நான் என்னாத்த படிக்கிறது? கெத்துவா கெலுவார்காகிட்ட அனுமதி கேளுங்குது. குடும்பத் தலைவர் யாருடான்னு பாத்தா, லோகேஸ்வரின்னு உன் போட்டோ போட்டிருக்கு. தொப்பியோட."

அது பட்டமளிப்புப் படம். நானேதான் அதை வைத்திருந்தேன்.

"நானும் மானத்த விட்டு அனுமதி கேட்டேன். தோலாக். மறுநாளும் கேட்டேன். தோலாக். நாடகத்துல அந்த மாமியார் கதவத் தொறக்கப் போறா, உள்ள யாருன்னு தெரியணும் எனக்கு! ஏழு தடவ கேட்டேன். ஏழு தடவயும் தோலாக்!"

"ஆன்ட்டி, நான் அது மோசடின்னு..."

"இன்னும் இருக்கு. இப்ப கொஞ்ச நேரத்துக்கு முன்னால ஒண்ணு வந்துச்சு. 'உங்கள் அறிக்கையைக் குடும்பத் தலைவர் பார்வையிட்டார்.' குணா படிச்சுச் சொன்னான். என்னா அறிக்கை அது? என்னாத்த பாத்த?"

நான் மேசைக் காலண்டரைப் பார்த்தேன். அவர்கள் யோசித்துப் பதில் சொல்வதாகச் சொன்ன ஒரு வாரம் ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. அது 'முடியாது' என்று முடிந்துவிட்டதாகவே நினைத்தேன்.

"நாளைக்கு வீட்டுக்கு வா" என்று வைத்துவிட்டார்.

அன்று மாலை, வாழ்க்கையில் முதல்முறையாக, காவலனின் அந்தப் பொடி எழுத்துக் கடலை முழுக்க நீந்தினேன். படங்களோடு வந்த அந்தக் கேள்வி 'இது யாருடைய கருவி' என்பது; டிக் விழுந்திருந்தது அனாக் படத்தில். அறிக்கை எனக்கு மட்டும் வரவில்லை. எந்தத் தளம் போகிறோம், எங்கே இருக்கிறோம், எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்பதெல்லாம் 'சேவையை மேம்படுத்த' கம்பெனிக்கும் போகிறது. அங்கிருந்து 'நம்பிக்கைக்குரிய பங்காளிகளுக்கு'ப் போகலாம். யாருடைய நம்பிக்கைக்கு உரியவர்கள் என்று எழுதவில்லை. எங்கள் குடும்பத்தில் பங்காளிகள் என்றாலே மூன்று தலைமுறையாகப் பேச்சுவார்த்தை கிடையாது. இவன் அவர்களிடம் போய் எங்கள் மீசை மையைச் சொல்லியிருக்கிறான்! இதையெல்லாம் நிறுத்த ஒரு சின்னப் பெட்டியும் இருந்தது. அது உள்ளே, உள்ளே, ஐந்தாவது அறையில் ஒளிந்திருந்தது. நான்தான் வாசலிலேயே செத்துஜு போட்டுவிட்டுத் திரும்பியிருந்தேனே.

எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"செத்துஜுன்னு அழுத்தறப்பவே யோசிச்சிருக்கணும்மா" என்றார். "பேருலயே 'செத்து' இருக்கு."

மறுநாள் அப்பா என்னைப் பொந்தியானுக்குக் கூட்டிப் போனார். வழி முழுக்க நான் மன்னிப்புப் பேச்சை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். ஆன்ட்டி வீட்டு ஹாலில் எண்ணெய் வாசம். மேசையில் அந்த மடிக்கணினி, குற்றவாளி மாதிரி. குணா நைட் ஷிப்ட் முடிந்து தூங்காமல் சிவந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தார்.

"ஆன்ட்டி, முதல்ல இத எடுத்துடறேன்..."

"இரு. எடுக்கறது இருக்கட்டும். என்னோடத நீ பாத்துட்ட. உன்னோடது எங்க?"

"என்னோடதா?"

"நீயும் அதே வீட்டு ஆளுதானே. உன்னோடதையும் எழுதி வச்சிருக்கும்ல அந்த ஜாகா? காட்டு."

எழுதித்தான் வைத்திருந்தான். என் போனில் என் பெயருக்கு நேரே எல்லாம் இருந்தது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். குணாவைப் பார்த்தேன். அவர் தூக்கம் போன மனிதர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுத்தால் அது எட்டாவது தோலாக். போனைத் திறந்து ஆன்ட்டியிடம் நீட்டினேன்.

"எனக்கு எழுத்துக் கூட்ட நேரமாவும். நீயே படி. சத்தமா."

படித்தேன்.

"குணசேகரன் பாசிர் கூடாங்." அது பல தடவை.

"பல தடவன்னா?" என்றார் குணா.

"பல தடவ" என்று அடுத்த வரிக்குத் தாவினேன். "பொந்தியானிலிருந்து பெர்மாஸ் ஜெயா எவ்வளவு தூரம். முறுக்கு சுடக் கற்றுக்கொள்வது கஷ்டமா. மாமியாரிடம் முதலில் என்ன பேசலாம்."

அடுத்த வரியில் போனைக் கவிழ்க்கப் பார்த்தேன்.

"ம், படி."

"பொண்ணு டிகிரி, மாப்பிள்ளை டிப்ளோமா... வீட்டில் சண்டை வருமா."

என் காது நுனி எரிந்தது. அவ்வளவு பெருமையாக வேலைக்குப் போவேன், படித்தவள் என்று நிமிர்ந்து நின்றவள், அதே பயத்தைத் திருட்டுத்தனமாக ஒரு இயந்திரத்திடம் கேட்டிருக்கிறேன், அதுவும் குணா எதிரில் அம்பலமாகிவிட்டது.

ஆன்ட்டி என்னை உற்றுப் பார்த்தார். "அது என்னா சொல்லிச்சு?"

"எது?"

"நானுந்தான் அதே கேள்வியக் கேட்டேன். எனக்கு ஒரே விளம்பரமா வந்துச்சு. உனக்காவது பதில் சொல்லிச்சா?"

"எனக்கும் விளம்பரந்தான் ஆன்ட்டி. கல்யாணப் புடவை."

ஆன்ட்டியின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று பதறிப்போய்க் கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, "பாத்தியா குணா, எல்லா மருமகளும் வந்து ஒரு வருஷம் கழிச்சுத்தான் குடும்பத் தலைவி ஆவாளுங்க. இவ பொண்ணு பாத்த அன்னிக்கே என்னை ஒக்கார வச்சிப் படிக்கச் சொல்லிட்டா!" என்றார்.

"கெத்துவான்னா கெத்துதான் லா" என்றார் குணா.

அதற்குப் பிறகு அந்த மடிக்கணினியிலிருந்து காவலனை அகற்றினேன். போகிற போக்கிலும் அவன் விடவில்லை. ஏன் எங்களைப் பிரிகிறீர்கள், காரணம் சொல்லுங்கள் என்று ஒரு பக்கம் கேள்வி, அடியில் செத்துஜு. ஆன்ட்டி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "மொதல்ல படி" என்றார். வரி வரியாக வாசித்து, மலாயைத் தமிழாக்கிச் சொன்னேன். பழைய பதிவுகளைத் தாங்களே கொஞ்ச காலம் வைத்துக்கொள்வார்களாம். "வச்சிக்கட்டும். என் முழங்கால் வலிய வச்சி என்னா பண்ணுவானுங்க?" என்றார். ஆனால் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. எங்கேயோ ஒரு கம்பெனியில், எங்கள் இரண்டு பேரின் ஒரே பயம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. எங்களுக்கு முன்னால் அவர்களுக்குத் தெரியும்.

கதவுக்குப் பின்னால் யார் என்று தெரிந்துகொள்ள, நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து உட்கார்ந்து அந்த நாடகத்தைப் பார்த்தோம். (பழைய கணவன்.)

ஞாயிற்றுக்கிழமை பதில் வந்தது.

மூன்று மாதம் கழித்துப் பதிவிலாகாவில் எங்கள் திருமணப் பதிவு. முக்காடு போட்ட அதிகாரி அம்மா ஒரு தாளை என் முன்னால் வைத்துவிட்டு, பேனாவை நீட்டி, சிரித்த முகத்தோடு ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்:

"செத்துஜு?"

பின்னால் அப்பா தும்முவது போல ஒரு சத்தம் எழுப்பினார். புதிதாக மை பூசிய அவர் மீசை துடித்துக்கொண்டிருந்தது. அம்மா அவர் தொடையில் கிள்ளியும் பயனில்லை. குணா மேசையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அதிகாரி அம்மா ஏதும் புரியாமல் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

நான் பேனாவை வாங்கவில்லை. தாளை எடுத்து, மேல் வரியிலிருந்து ஒவ்வொரு சொல்லாகப் படிக்கத் தொடங்கினேன். வெளியே அடுத்த ஜோடி காத்திருந்தது. முகூர்த்தம் போய்விடும் என்று அம்மா முணுமுணுத்தார்.

"யாரும் அவசரப்படுத்தாதீங்க" என்றார் ராஜம்மா ஆன்ட்டி. "அவ நிதானமா படிக்கட்டும். இது வக்து பெலாஜார்."